பெய்ஜிங்கின் முற்றத்து வீடுகள்: வாசலைப் பார்த்தே வீட்டைப் புரிந்துகொள்வது எப்படி

பெய்ஜிங் போய் வந்தவர்களிடம் கேட்டால், "ஹூதோங் பார்த்தோம், பழைய வீடெல்லாம் பார்த்தோம்" என்பார்கள். படங்களைக் காட்டச் சொன்னால் சாம்பல் நிற மதில், சிவப்புக் கதவு, சைக்கிள் ரிக்‌ஷா, வறுத்த தின்பண்டக் கடை. வீடு ஒன்றுகூட இருக்காது. அவர்கள் பார்த்தது சந்தை மட்டுமே. வீடு மதிலுக்குப் பின்னால் இருக்கிறது. அதைத் தெருவிலிருந்து பார்க்க முடியாதபடிதான் கட்டியிருக்கிறார்கள்.

இந்த வீடுகளைப் பற்றிச் சுற்றுலாப் பேச்சில் நிறையக் குழப்பம் இருக்கிறது. சந்துக்கும் வீட்டுக்கும் ஒரே பெயர் சொல்கிறார்கள். பழையதாகத் தெரிவதெல்லாம் முற்றத்து வீடு என்கிறார்கள். கல்லையும் மரத்தையும் "அலங்காரம்" என்று சொல்லிக் கடந்துவிடுகிறார்கள். உண்மையில் அந்த வீட்டில் வெறும் அலங்காரம் மிகக் குறைவு. வெயில், காற்று, குடும்பத்துக்குள் மூப்பு, ஊரில் அந்தஸ்து ஆகிய நான்கும்தான் ஒவ்வொரு சுவரும் எங்கே நிற்க வேண்டும் என்று முடிவு செய்திருக்கின்றன. அது புரிந்துவிட்டால், ஒரு வாசலின் முன் இரண்டு நிமிடம் நின்றாலே உள்ளே இருப்பதில் பாதியைச் சொல்லிவிடலாம்.

சந்து வேறு, வீடு வேறு

ஹூதோங் என்பது சந்து. சிஹெயுவான் என்பது நான்கு பக்கமும் கட்டடம் சூழ்ந்த முற்றத்து வீடு. சந்தின் இரு மருங்கிலும் இந்த வீடுகள் முதுகோடு முதுகு ஒட்டி நிற்கும்.

சந்துகள் தானாக வளைந்து நெளிந்து உருவானவை என்று நினைப்பது தவறு. மங்கோலியப் பேரரசர் குப்லாய் கான் காலத்தில், 1267இல், இந்த நகரைப் புதிதாகக் கட்டத் தொடங்கினார்கள். பெரிய வீதிகளை வடக்கு தெற்காகவும், அவற்றுக்கு இடையே சந்துகளைக் கிழக்கு மேற்காகவும் போட்டார்கள். இரண்டு சந்துகளுக்கு நடுவே ஏறக்குறைய 70 முதல் 80 மீட்டர் இடைவெளி. தோங்சி பகுதியில் இன்றும் சந்துகளுக்கு மூன்று, நான்கு, ஐந்து என்று எண்ணே பெயர். நான்லோகுஷியாங் என்ற கூட்டம் மிகுந்த கடைத்தெருவிலிருந்து இரு புறமும் எட்டெட்டுச் சந்துகள் மீன் முள்போலப் பிரிகின்றன. கடைத்தெருவை விட்டு அந்தச் சந்துகளுக்குள் ஐம்பது அடி நடந்தாலே சத்தம் குறைந்துவிடும்.

சந்துகள் ஏன் கிழக்கு மேற்கு? வீடுகள் தெற்கு பார்க்க வேண்டும் என்பதால். சந்து அப்படி ஓடினால்தான் வரிசையில் உள்ள எல்லா வீட்டுக்கும் தெற்கு முகம் கிடைக்கும்.

முற்றம் ஏன் அவ்வளவு அகலம்

முற்றம் வைத்த வீடு தமிழருக்குப் புதிதல்ல. நடுவில் வானம் பார்த்த முற்றம், சுற்றிலும் தாழ்வாரம், அதை ஒட்டி அறைகள். பெய்ஜிங் வீட்டையும் முதலில் அப்படியே எண்ணிக்கொள்ளலாம். ஆனால் நம் முற்றத்தின் வேலை வெயிலை அளவாக விட்டு நிழல் தருவது. பெய்ஜிங் முற்றத்தின் வேலை வெயிலை உள்ளே கூப்பிடுவது.

கணக்கைப் பாருங்கள். பெய்ஜிங் ஏறக்குறைய 40 டிகிரி வட அட்சரேகையில் இருக்கிறது. டிசம்பர் மூன்றாம் வாரத்தில், உச்சிவேளையில்கூட சூரியன் அடிவானத்திலிருந்து 27 டிகிரி உயரத்துக்கு மேல் ஏறாது. 4 மீட்டர் உயரமுள்ள தென்புறக் கட்டடம் அப்போது வடக்கே 8 மீட்டர் நீளத்துக்கு நிழல் போடும். அதே நாளில் சென்னையில் சூரியன் 54 டிகிரிக்கு ஏறிவிடுவதால் நிழல் 3 மீட்டர்தான். ஆக, பெய்ஜிங்கில் வடக்கு அறைக்குக் குளிர்கால வெயில் வேண்டுமென்றால் முற்றம் தென்புறக் கட்டடத்தின் உயரத்தைப் போல இரு மடங்காவது அகலமாக இருக்க வேண்டும். சீனாவின் தெற்கே போகப் போக முற்றம் சுருங்கி, கிணறுபோல ஒடுங்கி நிற்பதற்கும் காரணம் இதே சூரியன்தான்.

கோடையில் என்ன செய்வது? இறவாரம் பார்த்துக்கொள்ளும். கூரை சுவருக்கு வெளியே ஒரு மீட்டர் நீண்டிருந்தால், ஜூன் உச்சிவெயில் 73 டிகிரி உயரத்திலிருந்து விழும்போது அதன் நிழல் சுவரில் 3 மீட்டருக்கு மேல் கீழே இறங்கும். சன்னல் முழுக்க நிழலுக்குள் வந்துவிடும். டிசம்பரில் அதே இறவாரம் அரை மீட்டர் நிழல்தான் தரும், வெயில் அறையின் உட்பகுதி வரை போகும். ஒரே கூரை, இரண்டு பருவத்துக்கும் எதிரெதிர் வேலை. வசதியுள்ளவர்கள் இது போதாதென்று கோடைக்கு முற்றத்தின் மேலேயே கம்பு நட்டு நாணல் பாய்ப் பந்தல் போட்டுக்கொண்டார்கள். வேண்டும்போது பாயைச் சுருட்டி வானத்தைத் திறந்துவிடலாம்.

காற்றுக்கும் இதே கவனம். குளிர்காலத்தில் வடக்கே மங்கோலியப் பக்கமிருந்து வாடை அடிக்கும். அதனால் வீட்டின் வடக்குச் சுவர் மொட்டையாக இருக்கும், அல்லது உயரத்தில் சிறு சன்னல் மட்டும் வைத்திருப்பார்கள். சந்தில் நடப்பவர் கண்ணுக்கு நகரம் முழுக்கச் சன்னல் இல்லாத சுவராகத் தெரிவது இதனால்தான்.

சுருக்கமாக: சந்து கிழக்கு மேற்காக ஓடுகிறது, முக்கிய அறை வடக்கே அமர்ந்து தெற்கு பார்க்கிறது, முற்றத்தின் அகலத்தைக் குளிர்கால நிழல் தீர்மானிக்கிறது.

வாசலிலிருந்து உள்ளே

மூன்று கட்டு வீடு ஒன்றை எடுத்துக்கொள்வோம். ஒன்றன்பின் ஒன்றாக முற்றங்கள் வரும் ஒவ்வொரு அடுக்கையும் அங்கே ஜின் என்கிறார்கள். நாம் முதல் கட்டு, இரண்டாம் கட்டு என்பது போலத்தான். ஏழை வீட்டுக்கு ஒரு கட்டு, வசதியானவருக்கு மூன்று, நான்கு.

தலைவாசல் நடுவில் இருக்காது. சந்தின் வடபுறம் உள்ள வீட்டுக்கு அது தென்கிழக்கு மூலையில் இருக்கும். தென்புறம் உள்ள வீட்டுக்கு வடமேற்கு மூலையில். வாசல் எந்தப் பக்கம் இருந்தாலும் முக்கிய அறை தெற்குதான் பார்க்கும். வாசல் நடுவே இருப்பது அரண்மனைக்கும் கோயிலுக்கும் இளவரசர் மாளிகைக்கும் உரியது.

உள்ளே கால் வைத்ததும் நேர் எதிரே ஒரு சுவர் மறிக்கும். இதற்கு யிங்பி என்று பெயர். தெருவில் போகிறவர் பார்வையும், நேராக வரும் காற்றும் அதில் முட்டி நிற்கும். கெட்ட ஆவிகள் நேர்கோட்டில்தான் போகும், சுவரைக் கண்டால் திரும்பிவிடும் என்ற நம்பிக்கையும் உண்டு. அங்கிருந்து இடது பக்கம் திரும்பினால் ஒடுக்கமான முன்முற்றம். தெற்கு ஓரத்தில் வடக்கு பார்த்த அறை வரிசை இருக்கும். வெயில் படாத, வீட்டிலேயே மதிப்புக் குறைந்த இடம். வேலையாட்கள், வெளி விருந்தினர், சாமான் அறை எல்லாம் இங்கேதான்.

முன்முற்றத்தின் நடுவுக்கு வந்து வலது பக்கம் திரும்பினால் இரண்டாம் வாசல். சுய்ஹுவாமென் என்ற இந்த வாசலில் தரையைத் தொடாத இரண்டு குட்டைத் தூண்கள் கூரையிலிருந்து தொங்கும். அவற்றின் நுனியில் தாமரை மொட்டுச் செதுக்கியிருப்பார்கள். பழைய காலத்தில் வெளி ஆண்கள் இதைத் தாண்டி வர மாட்டார்கள், வீட்டுப் பெண்கள் இதைத் தாண்டி வெளியே போக மாட்டார்கள். பெண்களை அடைத்து வைத்த ஏற்பாடு அது. மொட்டின் அழகைப் பார்க்கும்போது இதையும் சேர்த்துத்தான் பார்க்க வேண்டும். இந்த வாசலின் உள்பக்கம் பல இடங்களில் பச்சை வண்ணமடித்த மரத் தடுப்பு ஒன்று மூடியே இருக்கும். கல்யாணம், சாவு போன்ற பெரிய காரியங்களுக்குத்தான் அதைத் திறப்பார்கள். மற்ற நாளில் பக்கவாட்டில் இறங்கித் தாழ்வாரம் வழியே போக வேண்டும்.

அதைத் தாண்டினால்தான் பெரிய முற்றம். வடக்கே மேடை ஏறி நிற்கும் முக்கிய வீடு பெரியவர்களுக்கு. கிழக்கு அறை வரிசை மூத்த மகன் குடும்பத்துக்கு, மேற்கு வரிசை இளையவர்களுக்கு. முக்கிய வீட்டுக்குப் பின்னால் இன்னொரு கட்டு இருந்தால் அது மகள்களுக்கும் பணிப்பெண்களுக்கும். வெயில் அதிகம் படும் இடம் மூத்தவருக்குப் போகிறது என்பதைக் கவனித்தால் இந்த வரிசையை மனப்பாடம் செய்ய வேண்டியதில்லை.

சுவர்களைப் பற்றி ஒரு வார்த்தை. கூரையின் பாரம் முழுக்க மரத்தூண்களிலும் உத்தரங்களிலும்தான். செங்கல் சுவர் இடைவெளியை அடைப்பதற்கு. இரண்டு தூண் வரிசைகளுக்கு நடுவிலுள்ள இடத்தை ஒரு ஜியான் என்று எண்ணுவார்கள். மிங் அரச மரபின் காலச் சட்டப்படி சாதாரண மக்கள் வீட்டின் முக்கிய அறை மூன்று ஜியானுக்கு மேல் அகலமாக இருக்கக் கூடாது. இடம் போதாதவர்கள் இரு பக்கமும் கூரையைத் தாழ்த்திச் சிறு அறைகள் ஒட்டவைத்துக்கொண்டார்கள். கூரை தனி என்பதால் அது கணக்கில் சேராது. வடக்கு வீட்டின் இருபுறமும் கூரை சட்டென்று ஒரு படி இறங்குவதைப் பார்த்தால், சட்டத்துக்குள் அடங்கிக்கொண்டே இடம் பிடித்த கதை அது.

தலைவாசலைப் படிப்பது

உள்ளே போக முடியாத வீடுகள்தான் அதிகம் என்பதால் இந்தப் பகுதியைக் கொஞ்சம் நிதானமாகப் படியுங்கள்.

முதலில், கதவு எவ்வளவு உள்ளே தள்ளி இருக்கிறது என்று பாருங்கள். தலைவாசலுக்கென்று தனிக் கூரை உண்டு. உயர் அதிகாரி வீட்டில் கதவு அந்தக் கூரையின் முகட்டுக்கு நேர் கீழே, பாதி ஆழத்தில் இருக்கும். வெளியே ஆள் நின்று பேசுமளவு நிழல் கிடைக்கும். அந்தஸ்து குறையக் குறையக் கதவு தெருப்பக்கம் நகர்ந்து வரும். கடைசியில் தெருச் சுவரோடு ஒட்டிவிடும். பணம் உண்டு, பதவி இல்லை என்ற வணிகர்கள் முகப்பைச் செங்கல்லால் அடைத்துக் குறுகிய கதவு வைத்துக்கொண்டு, கதவுக்கு மேலே உள்ள செங்கல்லில் பூவும் கொடியுமாகச் செதுக்கித் தள்ளினார்கள். ஆழம் பதவியைச் சொல்லும், செதுக்கல் பணத்தைச் சொல்லும்.

அடுத்தது கதவின் இருபுறமும் நிற்கும் கல். மென்துன் என்று பெயர். பெரிய வாசல்களில் முரசு வடிவத்திலும் சிறிய வாசல்களில் பெட்டி வடிவத்திலும் இருப்பது பொதுவான வழக்கம். முரசு என்றால் படைத்தலைவர் வீடு, பெட்டி என்றால் படித்த அதிகாரி வீடு என்று வழிகாட்டிகள் அடித்துச் சொல்வதை அப்படியே எடுத்துக்கொள்ள வேண்டாம். அதைவிட முக்கியமானது அந்தக் கல்லின் வேலை. இந்தக் கதவுகளுக்குக் கீல் கிடையாது, குடுமியில்தான் (கதவின் மேலும் கீழும் நீட்டிக்கொண்டிருக்கும் முளையில்) சுழலும். நாம் வெளியே பார்க்கும் கல் உள்ளே வரை நீளும் ஒரே துண்டு. அதன் நடுவில் வெட்டிய பள்ளத்தில் வாசற்படிக் கட்டை உட்காரும். உள்பக்கம் உள்ள குழியில் கதவின் கீழ்க் குடுமி உட்காரும். கனத்த கதவு உள்பக்கத்தை அழுத்தும்போது கல் சாயாமலிருக்க, வெளிப்பக்கத்தைப் பெரிதாகவும் கனமாகவும் விட்டார்கள். கனமாக விட்ட கல்லைச் சும்மா விடுவானேன் என்று சிங்கமும் பூவும் செதுக்கினார்கள்.

கதவுக்கு மேலே நிலையில் அறுகோணமாகவோ வட்டமாகவோ குமிழ்கள் நீட்டிக்கொண்டிருக்கும். பெயர் மென்சான். இவையும் அழகுக்கு ஒட்டியவை அல்ல. மேல் குடுமியைத் தாங்கும் பலகை நிலையின் பின்னால் இருக்கிறது. அதை நிலையோடு கோத்துப் பிடிக்கும் நீண்ட முளைகளின் தலைதான் வெளியே தெரியும் குமிழ். பெரிய வாசலுக்கு நான்கு, சிறியதற்கு இரண்டு. சில புதிய முகப்புகளில் குமிழ் இருக்கும், ஆனால் கதவு இரும்புக் கீலில் தொங்கும். அங்கே குமிழ் வெறும் வேடம். பழையதையும் புதிதாகப் பழையது போலக் கட்டியதையும் பிரித்தறிய இது நல்ல வழி. 2008இல் முழுக்கத் திருத்திக் கட்டித் திறந்த சியென்மென் கடைவீதியில் நடக்கும்போது இந்தக் கண் உதவும்.

கடைசியாக, கூரை ஓட்டின் நிறம். மஞ்சள் மெருகு ஓடு பேரரசருக்கு. பச்சை இளவரசருக்கு. மற்ற எல்லாருக்கும் மெருகில்லாத சாம்பல் ஓடு. நகரம் சாம்பலாகத் தெரிவதும் இதன் விளைவுதான்.

முற்றம் எங்கே போனது

திறந்திருக்கும் ஒரு வாசல் வழியே எட்டிப் பார்த்தால் முற்றமே இருக்காது. செங்கல் கொட்டகைகள், சைக்கிள்கள், ஒருவர் மட்டும் நுழையும் நடைபாதை. பலர் இதைக் கண்டு ஏமாந்துபோகிறார்கள்.

1949க்குப் பிறகு, ஒரு குடும்பம் இருந்த வீட்டில் பல குடும்பங்கள் குடியமர்த்தப்பட்டன. ஒட்டுக்குடித்தனம் ஆகிவிட்ட இந்த வீடுகளைத் தாசாயுவான் என்கிறார்கள். 1976 ஜூலை 28இல் தாங்ஷான் நிலநடுக்கம் பெய்ஜிங்கையும் உலுக்கியது. வீட்டுக்குள் தூங்கப் பயந்த மக்கள் முற்றத்தில் கொட்டகை போட்டார்கள். பயம் போன பிறகும் கொட்டகை போகவில்லை. அது சமையலறை ஆனது, பிள்ளைகள் பெரியவர்களானதும் படுக்கையறை ஆனது. பல வீடுகளுக்குள் சாக்கடை இணைப்பு இல்லாததால்தான் சந்துகளில் இத்தனை பொதுக் கழிப்பறைகள்.

1990களில் பல சந்துகள் அடியோடு இடிபட்டன. பழைய நகரில் 25 பகுதிகளைப் பாதுகாக்கும் திட்டம் 2002இல் வந்தது. எனவே இன்று ஒரு சந்தில் மூன்று வகை வாசல்கள் பக்கத்தில் பக்கத்தில் இருக்கும்: மக்கள் நெருக்கியடித்து வாழும் வீடு, பணக்காரர் வாங்கிப் புதுப்பித்துப் பூட்டிய வீடு, அருங்காட்சியகமாகத் திறந்த வீடு. உள்ளே போக உரிமை உள்ளது மூன்றாவதற்கு மட்டுமே.

உள்ளே போய்ப் பார்க்கக்கூடியவை

முதலில் ஷிஜியா ஹூதோங் அருங்காட்சியகம், எண் 24. 2013இல் திறந்தது. சந்து முழுவதையும் சிறிய அளவில் செய்து வைத்த மாதிரி ஒன்று உள்ளே இருக்கிறது. மேலிருந்து பார்க்கும்போது கட்டு, முற்றம், கூரை எல்லாம் ஒரே பார்வையில் விளங்கும். ஒட்டுக்குடித்தனக் கால அறைகளையும் அப்படியே அமைத்திருக்கிறார்கள். பழைய சந்தின் ஓசைகளைக் கேட்க ஓர் அறை உண்டு. வேறு எங்கே போவதற்கும் முன் இங்கே போவதுதான் சரி.

எழுத்தாளர் லாவோ ஷே வாழ்ந்த வீடு ஃபெங்ஃபு ஹூதோங்கில், எண் 19. 1950இல் வாங்கி, 1966இல் இறக்கும்வரை அங்கே இருந்தார். அவர் நட்ட சீமைப் பனிச்சை மரங்கள் முற்றத்தில் நிற்கின்றன. அக்டோபர் கடைசி, நவம்பரில் போனால் ஆரஞ்சு நிறப் பழங்களோடு பார்க்கலாம். அளவான, நடுத்தர வீடு.

எழுத்தாளர் லூ ஷுன் 1924 முதல் 1926 வரை இருந்த வீடு ஃபூசெங்மென் அருகே, அவர் பெயரிலுள்ள அருங்காட்சியக வளாகத்துக்குள். மிகச் சிறியது. வடக்கு வீட்டின் பின்னால் வால்போல ஓர் அறையை நீட்டி எழுதும் இடமாக்கிக்கொண்டார். கையில் பணம் குறைவாக இருந்தாலும் இந்த அமைப்பு எப்படி வேலை செய்யும் என்பதற்கு இதைவிட நல்ல எடுத்துக்காட்டு கிடையாது.

பீக்கிங் ஆப்பராவில் பெண் வேடத்துக்குப் புகழ்பெற்ற மெய் லான்ஃபாங்கின் வீடு ஹூகுவோசி தெரு, எண் 9. 1951 முதல் 1961 வரை வாழ்ந்தார். 1986இல் நினைவகமானது.

எல்லாவற்றிலும் பெரியது இளவரசர் கோங் மாளிகை. இதை முதலில் கட்டியவர் ஹெஷென் என்ற அமைச்சர். 1799இல் அவர்மீது சுமத்திய குற்றங்களில் ஒன்று, வீட்டுக்குள் அரண்மனை மண்டபம் ஒன்றைப் பார்த்து அதேபோல உயர்ரக நான்மு மரத்தில் தடுப்புகள் செய்துகொண்டது. தற்கொலை செய்துகொள்ளும்படி ஆணை வந்தது, சொத்து பறிபோனது. தூண் எண்ணிக்கையும் மர வகையும் இங்கே உயிர் போகும் விஷயமாக இருந்தன. அந்த மண்டபம் மேற்குப் பகுதியில் இன்னும் இருக்கிறது. முக்கிய மண்டபத்தின் பச்சை ஓட்டையும், பின்னால் 150 மீட்டருக்கு மேல் நீளும் மாடிக் கட்டடத்தையும் தவறவிடாதீர்கள்.

1420இல் கட்டி முடித்த, பேரரசர்கள் வாழ்ந்த அரண்மனை நகரமும் (Forbidden City) இதே இலக்கணம்தான். தெற்கே வாசல், வடக்கே பின்கட்டு, முற்றத்துக்குப் பின் முற்றம். வேறுபாடு அளவிலும் ஓட்டு நிறத்திலும். சிறு வீடுகளைப் பார்த்துவிட்டு அங்கே போனால், வழிகாட்டி இல்லாமலே எது முன்கட்டு, எது அந்தப்புரம் என்று சொல்லிவிடுவீர்கள்.

போகும் முன்

பெரும்பாலான அருங்காட்சியகங்களுக்குத் திங்கட்கிழமை விடுமுறை. அரண்மனை நகருக்கு அங்கே போய் டிக்கெட் வாங்க முடியாது. ஏழு நாள் முன்பிருந்து இணையத்தில் பாஸ்போர்ட் எண்ணோடு பதிவு செய்ய வேண்டும். பதிவு செய்த அதே பாஸ்போர்ட்டைக் கையில் கொண்டுபோக வேண்டும், நகல் செல்லாது. இளவரசர் மாளிகைக்கும் முன்பதிவு செய்வதே நல்லது. அக்டோபர் முதல் வாரம், சீனப் புத்தாண்டு, மே தின விடுமுறை ஆகிய மூன்றையும் தவிருங்கள்.

வரைபடம் பலரைச் சுற்றவிடும். சீனாவில் வரைபடங்களை உண்மையான இடத்திலிருந்து சில நூறு மீட்டர் விலக்கிப் போடும் முறை சட்டப்படி இருக்கிறது. வெளிநாட்டுச் செயலியில் உங்கள் புள்ளி அதனால் நகர்ந்து காட்டும். சந்துகளுக்கு நடுவே 70, 80 மீட்டர்தான் என்பதால் நீங்கள் நாலைந்து சந்து தள்ளி நிற்பீர்கள். ஆமாப் (Amap) போன்ற உள்ளூர் வரைபடச் செயலியை ஊரிலிருக்கும்போதே இறக்கி, போக வேண்டிய முகவரிகளைச் சீன எழுத்தில் சேமித்துக்கொள்ளுங்கள். அலிபே அல்லது வீசாட்டில் உங்கள் கார்டையும் முன்கூட்டியே இணைத்துவிடுங்கள். சிறு கடைகளில் வெளிநாட்டுக் கார்டைத் தேய்க்க வழியிருக்காது.

பாதி திறந்த கதவு அழைப்பு அல்ல. குடியிருப்பவர்கள் "பார்வையாளர் வேண்டாம்" என்று பலகை மாட்டியிருப்பார்கள். பலகை இல்லாவிட்டாலும் உள்ளே போய்ப் படமெடுக்காதீர்கள், அது ஒருவருடைய சமையலறை. வாசற்படிக் கட்டையை மிதிக்காமல் தாண்டிப் போங்கள். ரிக்‌ஷா ஏறினால் ஆளுக்கு எவ்வளவு, எத்தனை நேரம் என்பதை ஏறும் முன் பேசி முடித்துவிடுங்கள்.

ஒரே நாள்தான் இருக்கிறதென்றால், காலையில் ஐந்தாம் மெட்ரோ பாதையில் தெங்ஷிகோவ் நிலையத்தில் இறங்கி ஷிஜியா அருங்காட்சியகத்தையும் லாவோ ஷே வீட்டையும் நடந்தே பார்க்கலாம். பிறகு ஒரு நிறுத்தம் வடக்கே தோங்சி போய், ஆறாம் பாதைக்கு மாறி பெய்ஹாய் வடக்கு நிலையத்தில் இறங்கினால் இளவரசர் கோங் மாளிகை பக்கத்தில். அங்கிருந்து மேற்கே நடந்தால் மெய் லான்ஃபாங் வீடு. பல இடங்களில் மூடுவதற்கு அரை மணி முதல் ஒரு மணி நேரம் முன்பே நுழைவை நிறுத்திவிடுவார்கள். மாளிகைத் தோட்டத்தில் நேரம் ஓடிவிடும் என்பதால், இருட்டுவதற்குள் இரண்டையும் பார்க்க வேண்டுமானால் மெய் லான்ஃபாங் வீட்டை முதலில் முடித்துக்கொண்டு மாளிகைக்குத் திரும்புங்கள்.